முதல் உறைமோர்

நுழையும்முன்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. இப்பகுதியை வகுப்பில் விளக்கி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஓரறிவு உயிருக்கு முன்னால் என்ன இருந்தது?" என்று கேட்டாள். மணி ஒலித்துவிட்டதால் அன்று நான் விடை கூறவில்லை. மணி ஒலிக்காதிருந்தாலும் கூறியிருக்க இயலாது. அன்று என்னிடம் விடை இல்லை. அந்த வினாவுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியே இப்பாடம். உயிரற்ற பொருள்களிலிருந்து உயிர் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை அறிவியலார் எப்படித் தேடுகின்றனர் என்பதை இதில் காண்போம்.

மலைச்சுவரில் ஒரு கோடு

திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பேருந்தில் செல்வோர் பெரும்பாலும் மேலே தெரியும் சிகரத்தையோ கீழே விரியும் நகரத்தையோ பார்ப்பர். அடுத்த முறை செல்லும்போது சாலையோரப் பாறைச்சுவரைப் பாருங்கள். அடியில் இருப்பது கிரானைட் வகைப் பாறை. அதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது குவார்ட்சைட் என்னும் பாறை. மலைமேல் உள்ள சிலாதோரணம் என்னும் இயற்கை வளைவும் இந்தக் குவார்ட்சைட்டால் ஆனதே.

இரு பாறைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. இடையில் ஒரு விரலைக்கூட நுழைக்க இயலாது. ஆனால் அவற்றின் வயதுக்கு இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டு வேறுபாடு உண்டு என நிலவியலார் மதிப்பிடுகின்றனர். கீழ்ப்பாறை உருவாகி, மேலெழுந்து, வெயிலிலும் மழையிலும் தேய்ந்து, நெடுங்காலத்திற்குப் பின்னரே அதன்மீது மணல் படிந்து மேற்பாறை ஆயிற்று. ஒரு நூலில் இடைப்பட்ட ஏடுகள் அனைத்தும் கிழிந்துபோக, முதல் இயலும் ஏழாம் இயலும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் போன்றது இது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

கிழிந்துபோன அந்த ஏடுகளின் காலத்தில் உலகில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. இன்றைக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் பெருகத் தொடங்கியது. அதற்கு முந்தைய காற்றில் ஆக்சிஜன் மிக மிக அரிது. ஆகவே, திருமலையின் கீழ்ப்பாறை நம்மால் மூச்சுவிட இயலாத உலகைச் சேர்ந்தது. மேற்பாறை ஆக்சிஜன் கலந்த காற்று வந்த பிறகான உலகைச் சேர்ந்தது.

அந்த ஆக்சிஜனை வெளியிட்டவை நுண்ணுயிரிகள். அவை படிந்து உண்டாக்கிய அடுக்குப் பாறைகள் அண்டை மாவட்டமான கடப்பையில், வேம்பல்லிப் பகுதிச் சுண்ணப் பாறைகளில் இன்றும் காணப்படுகின்றன. அவை 190 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அத்தகைய அடுக்குகளில் மிகப் பழமையானவை மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 348 கோடி ஆண்டுகள். புவியின் வயதோ 454 கோடி ஆண்டுகள். எனவே புவி தோன்றிய பின் ஏறத்தாழ 106 கோடி ஆண்டுகளுக்குள் உயிர் தோன்றியிருக்க வேண்டும். திருமலையின் அடிப்பாறை உருவாவதற்கு முன்பே உயிருக்கு நெடிய வரலாறு இருந்தது.

தயிரும் ஒரு புதிரும்

பாலைத் தயிராக்க வேண்டுமானால் அதில் சிறிது உறைமோர் ஊற்றுகிறோம். அந்த உறைமோர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றைய தயிர் முந்தைய நாள் தயிரிலிருந்து வந்தது. வீட்டில் உறைமோர் தீர்ந்துவிட்டால் அண்டை வீட்டுக்குக் கிண்ணத்துடன் செல்கிறோம். அப்படியானால் முதல் உறைமோர் எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சு அறிவியலர் லூயி பாஸ்டர் 1860களில் செய்த ஆய்வுகள் இந்தப் புதிரைக் கூர்மையாக்கின. வளைந்த கழுத்துடைய குடுவையில் சாற்றைக் கொதிக்கவைத்து, காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளே புகாதவாறு அவர் பாதுகாத்தார். சாறு கெடவே இல்லை. கழுத்தை உடைத்தபின் அது கெட்டது. அழுகிய பொருளிலிருந்து உயிர் தானே தோன்றும் என்னும் பழைய நம்பிக்கை அதனுடன் முடிவுற்றது. உயிரிலிருந்தே உயிர் வரும் என்பது நிலைபெற்றது. ஆனால் எல்லா உயிரும் முந்தைய உயிரிலிருந்தே வந்ததென்றால் முதல் உயிர்?

இந்த வினாவுக்கு வேதியியல் வழியாக விடை தேடலாம் என்னும் நம்பிக்கைக்கு ஒரு முன்னோடி நிகழ்வு உண்டு. 1828ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலர் பிரீட்ரிக் வோலர், உயிரினங்களின் உடலில் மட்டுமே உண்டாகும் எனக் கருதப்பட்ட யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கினார். உயிர்ப்பொருளுக்கும் உயிரற்ற பொருளுக்கும் இடையே எழுப்பப்பட்டிருந்த சுவரில் முதல் விரிசல் அது.

1871ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் தம் நண்பருக்கு எழுதிய மடலில், வெதுவெதுப்பான சிறு குட்டையொன்றில் உப்புகளும் ஒளியும் வெப்பமும் மின்சாரமும் கூடி முதல் உயிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம் எனக் கருதினார். அத்துடன், இன்று அத்தகைய பொருள் தோன்றினாலும் இருக்கும் உயிரினங்கள் அதனை உடனே உண்டுவிடும் என்றும் சுட்டினார். முதல் உயிர் ஏன் இன்று நம் கண்முன் தோன்றவில்லை என்பதற்கு இது ஒரு விடை. மற்றொரு விடை, காற்றிலுள்ள ஆக்சிஜன். வெட்டிய கத்திரிக்காயைக் கறுக்கச் செய்யும் ஆக்சிஜன், புதிதாய்த் தோன்றும் மென்மையான மூலக்கூறுகளையும் சிதைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாத அந்தப் பழைய காற்றில் அவை நிலைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

இருவர், ஒரே எண்ணம்

1924ஆம் ஆண்டு ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஓபரினும், 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜே.பி.எஸ். ஹால்டேனும் ஒருவரையொருவர் அறியாமல் ஏறக்குறைய ஒரே கருத்தை வெளியிட்டனர். ஆக்சிஜன் இல்லாத பழைய காற்றின்மீது சூரியனின் புறஊதாக் கதிரும் மின்னலும் பட்டன. கரிமப் பொருள்கள் உருவாயின. அவை கடலில் சேர்ந்து, கடலே நீர்த்த சூடான சாறு போல் ஆயிற்று. அச்சாற்றிலிருந்து உயிர் தோன்றியது என்பதே அக்கருத்து. நம் வீட்டுப் பருப்பு ரசத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நீர்தான் மிகுதி, ஆனால் சாரம் அனைத்தும் அதில் உண்டு.

ஹால்டேன் 1957ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து இந்தியக் குடியுரிமையும் பெற்றவர். 1964ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். அவரது விருப்பப்படி அவரது உடல் ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயில வழங்கப்பட்டது. உயிரின் தொடக்கத்தை ஆராய்ந்தவர் தம் உயிர் பிரிந்த பின்னும் ஆசிரியராகவே இருந்தார்.

மில்லரின் குடுவை

எண்ணம் ஒன்று அறிவியலாவதற்கு ஆய்வு வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெரால்டு யூரியின் மாணவர் ஸ்டான்லி மில்லர் அதனைச் செய்தார். ஆய்வு முடிவு 1953ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தபோது அவருக்கு வயது 23.

மில்லர் ஒரு சிறு குடுவையில் நீரைக் கொதிக்கவைத்தார், அது கடல். நீராவி ஏறிச் சென்ற பெரிய குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றை நிரப்பியிருந்தார். அது பழைய காற்று. அதில் இடையறாது மின்பொறி தெறிக்கச் செய்தார், அது மின்னல். பின்னர் நீராவி குளிர்ந்து மீண்டும் சிறு குடுவைக்கு வந்தது, அது மழை. முதல் நாள் கழிந்ததும் நீர் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரத்தில் அடர்ந்த செந்நிறமாகக் கலங்கியது. அந்நீரில் கிளைசின், அலனைன் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன.

அமினோ அமிலங்கள் என்பவை யாவை? நம் தசை, தோல், முடி, குருதி ஆகியவற்றில் உள்ள புரதங்கள் யாவும் அடிப்படையில் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. தமிழில் உயிரெழுத்து பன்னிரண்டும் மெய்யெழுத்து பதினெட்டும் சேர்ந்து எல்லாச் சொற்களையும் தருவது போல, இந்த இருபதும் பல்வேறு வரிசையில் கோக்கப்பட்டு எல்லாப் புரதங்களையும் தருகின்றன.

மில்லர் கண்டது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் உயிரை உண்டாக்கவில்லை, புரதத்தையும் உண்டாக்கவில்லை. அவருக்குக் கிடைத்தவை எழுத்துகள் சில. எழுத்துகளிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து பொருளுள்ள தொடருக்கும் நெடுந்தொலைவு உண்டு. மேலும், பழைய காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அந்த அளவுக்கு இருந்திருக்காது. கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுந்திருக்கும் என்று பின்வந்த அறிவியலார் பலர் கருதினர். ஆயினும், எழுத்துகள் தாமாகவே தோன்றக்கூடும் என்பதை அக்குடுவை உறுதி செய்தது.

சென்னையில் மெய்யியல் பயின்றவர்

இக்கதையில் அடுத்து வருபவர் இலங்கையின் காலி நகரில் 1923ஆம் ஆண்டு பிறந்த சிரில் பொன்னம்பெருமா. அவர் முதலில் பயின்றது வேதியியல் அன்று, மெய்யியல். 1948ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்றார். உயிர் என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் மெய்யியலுக்கு உரியவை. அவற்றை ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பிய அவர் லண்டன் சென்று, ஜே.டி. பெர்னால் என்னும் அறிஞரிடம் மீண்டும் இளநிலை மாணவராகச் சேர்ந்து வேதியியல் கற்றார். 1959ஆம் ஆண்டு அறிவியல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தது. பிறகு அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினிடம் ஆய்ந்து 1962ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

மீத்தேன், அம்மோனியா, நீர் ஆகியவற்றின் மீது எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் அடினைன் உருவாகிறது என்பதைப் பொன்னம்பெருமாவும் உடன் ஆய்ந்தோரும் 1963ஆம் ஆண்டு வெளியிட்டனர். அடினைன், மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்று. அதே ஆண்டு, கார்ல் சேகனுடன் இணைந்து செய்த மற்றோர் ஆய்வில், உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிடப் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு புறஊதாக் கதிரின் துணையால் உருவாகக் கண்டார். மில்லர் புரதத்தின் எழுத்துகளைக் கண்டார் என்றால், பொன்னம்பெருமா மரபுச் செய்தியின் எழுத்தையும் ஆற்றலின் நாணயத்தையும் தேடினார்.

விண்கல்லின் சாட்சி

1969ஆம் ஆண்டு அப்பல்லோ 11 விண்கலம் நிலவிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஆராய்ந்தோரில் பொன்னம்பெருமாவும் ஒருவர். அதில் உயிரின் தடயம் இல்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் சிற்றூரில் விண்கல் ஒன்று வெடித்துச் சிதறி விழுந்தது. திரட்டப்பட்ட துண்டுகளின் எடை 100 கிலோகிராமுக்கும் மேல்.

கீத் குவன்வோல்டன் தலைமையில் பொன்னம்பெருமா உள்ளிட்ட குழுவினர் அதனை ஆராய்ந்து, அமினோ அமிலங்கள் இருப்பதைக் கண்டனர். ஆனால் அதனை உடனே நம்பிவிட இயலாது. விண்கல்லை ஒருவர் விரலால் தொட்டாலே வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். விழுந்த இடத்து மண்ணிலும் அவை உண்டு. முன்னர்ப் பல விண்கற்களில் கண்டதாகச் சொல்லப்பட்டவை இவ்வாறு ஐயத்திற்கு இடமாயின. அப்படியானால் இவை வானிலிருந்து வந்தவையா, மண்ணில் ஒட்டியவையா? எப்படி அறிவது?

இதற்கு இயற்கையே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. உங்கள் இரு கைகளையும் பாருங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடி உரு. ஆயினும் வலக்கை உறையை இடக்கையில் அணிய இயலாது. கிளைசின் நீங்கலாக, புரதங்களிலுள்ள அமினோ அமிலங்களும் இவ்வாறு இடவடிவம், வலவடிவம் என இருவகைப்படும். ஆய்வகத்தில் உண்டாக்கினால் இரண்டும் சமமாகக் கிடைக்கும். ஆனால் உயிரினங்கள் தம் புரதங்களில் இடவடிவத்தையே பயன்படுத்துகின்றன.

அலிபிரியில் படியேறும் அடியார்கள் கழற்றி வைத்த செருப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரு குவியலில் இடக்கால் செருப்புகள் மட்டும் இருந்தால், யாரோ பொறுக்கி எடுத்துக் குவித்திருக்கிறார்கள் என்று அறிவோம். இடமும் வலமும் சம எண்ணிக்கையில் இருந்தால் எவரும் பொறுக்கவில்லை எனலாம். உயிர், இடத்தை மட்டும் பொறுக்கும் கை. மர்ச்சிசன் கல்லில் இடமும் வலமும் ஏறக்குறைய சமமாக இருந்தன. புவி உயிர்களின் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. ஆகவே அவை மனித விரலிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்தவை அல்ல. விண்வெளியில், உயிரின் துணையின்றி உருவானவை. 1970ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இம்முடிவு பொன்னம்பெருமாவின் பெயரை உலகறியச் செய்தது. அக்கல்லில் இன்றுவரை எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

தேடல் தொடர்கிறது. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து விண்கலம் ஒன்று எடுத்து வந்த 121.6 கிராம் மண் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் புவியை அடைந்தது. மாசுபடாமல் மூடிக் கொண்டுவந்த அம்மண்ணில், புரதங்களுக்குரிய இருபது அமினோ அமிலங்களில் பதினான்கும், மரபுச் செய்தியின் ஐந்து காரங்களும் இருப்பதாக 2025ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அங்கும் இடமும் வலமும் ஏறக்குறைய சமமே. ஆகவே எழுத்துகள் விண்ணிலும் மலிந்துள்ளன. சமமாக இருந்த இரண்டில் உயிர் ஏன் இடத்தை மட்டும் தேர்ந்தது என்பது இன்னும் அவிழாத முடிச்சு.

கோழியா, முட்டையா?

எழுத்துகள் கிடைத்துவிட்டன. அவற்றை வரிசைப்படுத்தியது எது? இன்றைய உயிரணுவில் புரதத்தின் வரிசையை டி.என்.ஏ. வைத்திருக்கிறது. ஆனால் அந்த டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதங்கள் வேண்டும். புரதமின்றி டி.என்.ஏ. இல்லை, டி.என்.ஏ. இன்றிப் புரதம் இல்லை. எது முந்தியது?

விடைக்கான வழி மூன்றாவது மூலக்கூறான ஆர்.என்.ஏ.விடம் இருந்தது. அது டி.என்.ஏ. போலச் செய்தியைச் சுமக்கவல்லது. புரதம் போல வேதிவினைகளை விரைவுபடுத்தவும் வல்லது என்பதை 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டறிந்தனர். 1989ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஓலையும் அதுவே, எழுத்தாணியும் அதுவே என்றால் புதிர் பாதி அவிழ்கிறது. தொடக்க உயிர்கள் ஆர்.என்.ஏ.வையே நம்பி வாழ்ந்திருக்கலாம் என்னும் கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது.

இதற்கான மிகச் சிறந்த சான்று நம் உயிரணுக்களில் இன்றும் இயங்குகிறது. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் நெய்யும் தறி, ரைபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாக வரைந்தமைக்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவருள் ஒருவர் 1952ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருட்டிணன். அவர் குழு ரைபோசோமின் சிறு பகுதியின் அமைப்பைத் தெளிவாக்கியது. தாமஸ் ஸ்டைட்ஸ் பங்கேற்ற குழு பெரும் பகுதியை ஆராய்ந்தபோது, அமினோ அமிலங்கள் பிணையும் இடத்தில் பிணைக்கும் பணியைச் செய்வது புரதம் அன்று, ஆர்.என்.ஏ.வே என்று தெரிந்தது. புரதத்தைப் பிறப்பிப்பதே ஆர்.என்.ஏ. என்றால், அது புரதத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. திருமலைப் பாறையைவிடப் பழைய கல்வெட்டு ஒன்று நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

வற்றும் ஏரியின் வேதியியல்

இனி, இடம் பற்றிய வினா. முதல் உயிர் எங்கே தோன்றியது? இதில் இரு கட்சிகள் உண்டு.

ஒரு கட்சியினர் ஆழ்கடலைச் சுட்டுவர். கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. 2000ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலில் கண்டறியப்பட்ட ஊற்றுத் தொகுதியில் சுண்ணக் கோபுரங்களின் நுண்துளைகள் வழியே ஹைட்ரஜன் கலந்த காரநீர் கசிகிறது. அந்நுண்துளைகளே முதல் உயிரணுக்களின் அறைகளாக இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

மற்றொரு கட்சியினர் நிலத்தின் குட்டைகளைச் சுட்டுவர். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே நிறைந்திருந்தால் அது எளிதன்று. ஈரத் துணியை மழையில் உலர்த்த முயல்வது போன்றது. ஆனால் குட்டை வற்றினால் நீர் நீங்கும், செறிவு மிகும், மூலக்கூறுகள் நெருங்கிப் பிணையும். மீண்டும் மழை பெய்தால் அவை கலந்து இடம் மாறும்; மீண்டும் வற்றினால் மேலும் நீளும். சித்தூர் மாவட்டத்து ஏரிகளைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் அதே தரை, பருவமழையில் அலையடிக்கும். வறட்சி உழவருக்குத் துன்பம்; வேதியியலுக்கோ அது ஒரு கருவியாக இருந்திருக்கலாம். வெந்நீர்க் குட்டைகளைக் காண நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதும் இல்லை. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், 4000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், அவை இன்றும் கொதிக்கின்றன.

இவ்விரு கட்சிகளில் எது வெல்லும் என்பது தீரவில்லை. கொழுப்பு அமிலங்கள் நீரில் தாமாகவே நுண்குமிழ்களாகச் சுருண்டுகொள்ளும் என்பதும், அவை முதல் உயிரணுவின் தோலாக இருந்திருக்கலாம் என்பதும் தெரியும். எழுத்து, ஓலை, உறை என ஒவ்வொன்றும் தனித்தனியே கைக்கு வந்துவிட்டன. எல்லாம் ஒன்றுகூடி, தன்னைத் தானே படியெடுத்துப் பெருகும் ஒன்றாக எழுந்த அந்தக் கணம் மட்டும் எந்த ஆய்வகத்திலும் இதுவரை நிகழவில்லை.

கோட்டின்மேல் ஒரு விரல்

தமிழ் இலக்கணத்தில் 'மெய்' என்பதற்கு உடல் என்னும் பொருளும் உண்மை என்னும் பொருளும் உண்டு. மெய் தனித்து இயங்காது, உயிர் ஏறியபின் இயங்கும் என்று இலக்கணம் கற்பிக்கிறோம். வேதியியல் கேட்பது, மெய்யிலிருந்தே உயிர் எழுந்திருக்குமோ என்பது. அது பெரிய வினா. அதற்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த பொன்னம்பெருமா 1994ஆம் ஆண்டு மறைந்தபோது விடை முழுமையாகக் கிட்டவில்லை. இருபத்தைந்து வயதில் மெய்யியல் பட்டத்தோடு நின்றிருந்தால் அவரும் அவ்வினாவை வினாவாகவே விட்டிருப்பார். மீண்டும் மாணவராக அமரத் துணிந்தமையால், வினாவின் எல்லையைச் சிறிது நகர்த்தினார்.

ஆகவே, ஓரறிவு உயிருக்கு முன்னால் என்ன இருந்தது எனக் கேட்ட மாணவிக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே. நீர் இருந்தது, ஆக்சிஜன் இல்லாத காற்று இருந்தது, மின்னலும் கதிரும் இருந்தன, விண்ணிலிருந்து விழுந்த கற்கள் இருந்தன, அவற்றில் உயிரின் எழுத்துகள் இருந்தன. முதல் உறைமோர் அவற்றிலிருந்து எவ்வாறு திரண்டது என்பது எனக்கும் தெரியாது, அறிவியலார்க்கும் இன்னும் முழுமையாகத் தெரியாது. அதனை அன்றே வகுப்பில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று கூறுவதும் கற்பித்தலின் ஒரு பகுதியே.

அடுத்த முறை மலைப்பாதையில் செல்லும்போது, பாதுகாப்பான இடத்தில் நின்று அந்தக் கோட்டின்மேல் ஒரு விரலை வையுங்கள். உங்கள் விரலின் அகலத்துக்குள் 80 கோடி ஆண்டுகள் அடங்கியிருக்கும். கிழிந்த ஏடுகளை எழுத வேண்டியவர்கள் இனி வருபவர்கள். அவருள் ஒருவர் இவ்வகுப்பிலும் இருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

1 கோடி ஆண்டை ஒரு நாளாகக் கொண்டால், புவியின் வயது 454 நாள், அதாவது ஓராண்டும் ஏறத்தாழ மூன்று திங்களும் ஆகும். அக்கணக்கில் பழமையான உயிர்த்தடயம் 348 நாளுக்கு முன் தோன்றியது. ஆக்சிஜன் 240 நாளுக்கு முன் பெருகியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொன்னம்பெருமா பட்டம் பெற்றதோ ஒரு நொடிக்கும் குறைவான நேரத்திற்கு முன்புதான்.

சொற்பொருள்

உறைமோர் – பாலைத் தயிராக்க ஊற்றும் சிறிதளவு மோர் அல்லது தயிர்
மூலக்கூறு – அணுக்கள் பிணைந்து உண்டாகும் மிகச் சிறு கூறு
கரிமப் பொருள் – கரி அணுக்களை அடிப்படையாகக் கொண்ட பொருள்
சிறுகோள் – சூரியனைச் சுற்றிவரும் சிறிய பாறைக்கோள்
படியெடுத்தல் – உள்ளதை உள்ளவாறே மற்றொன்றாக உருவாக்குதல்
மெய்யியல் – உண்மைப் பொருளை ஆராயும் துறை, தத்துவம்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. மில்லரின் குடுவையில் மின்பொறி எதனைக் குறித்தது?
(அ) கடல் (ஆ) மின்னல் (இ) மழை (ஈ) காற்று
2. பொன்னம்பெருமா சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற துறை
(அ) வேதியியல் (ஆ) நிலவியல் (இ) மெய்யியல் (ஈ) இலக்கியம்
3. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தை உருவாக்குவது
(அ) ரைபோசோம் (ஆ) அடினைன் (இ) யூரியா (ஈ) குவார்ட்சைட்

ஆ) பிரித்து எழுதுக.
நீராவி, விண்கல், பெருங்கடல், சிற்றூர்

இ) குறுவினா
1. திருமலைப் பாறைச்சுவரில் காணப்படும் கோடு எதனை உணர்த்துகிறது?
2. இன்று புதிதாக உயிர் தோன்றாமைக்குப் பாடம் கூறும் இரு காரணங்கள் யாவை?

ஈ) சிறுவினா
1. மர்ச்சிசன் விண்கல்லின் அமினோ அமிலங்கள் மண்ணிலிருந்து ஒட்டியவை அல்ல என்பது எவ்வாறு உறுதியாயிற்று?
2. 'ஓலையும் அதுவே, எழுத்தாணியும் அதுவே' – இக்கூற்று எதனைக் குறிக்கிறது? விளக்குக.

உ) நெடுவினா
உயிரின் தோற்றத்தை அறிய வேதியியலார் மேற்கொண்ட முயற்சிகளைத் தொகுத்து எழுதி, இன்னும் விடை கிட்டாத வினாக்களையும் சுட்டுக.

ஊ) செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியோரிடம், உறைமோர் இல்லாதபோது பாலைத் தயிராக்க அவர்கள் கையாண்ட வழிகளைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.